வேலைக்காக ஜெர்மனி போகிறேன்; முதலில் எதைத் திட்டமிட வேண்டும்?

வேலையும் விசாவும் உறுதி, அடுத்து என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வீடு, அதுவும் முகவரி பதிய அனுமதிக்கிற வீடு. குடியேறிய 2 வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், 'ஆன்மெல்டுங்' என்பார்கள். வீட்டுக்காரர் தரும் உறுதிக் கடிதம் அதற்கு அவசியம். பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். அதனால் தற்காலிக அறை எடுக்கும்போதே, "இங்கே பதிவு செய்யலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

போன அன்றே தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே பல அடுக்ககங்களில் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நான் ஒரு வாரம் ஒட்டாமல் விட்டதில் வங்கி அட்டை திரும்பிப் போய்விட்டது. மறுபடி வரும்வரை கையில் இருந்த யூரோவை எண்ணி எண்ணிச் செலவழித்தேன்.

வாடகையில் 'கால்ட்' என்றால் வெறும் வாடகை, 'வார்ம்' என்றால் ஹீட்டிங், தண்ணீர் போன்றவை சேர்த்து. மின்சாரம் பெரும்பாலும் தனி. அட்வான்ஸ் 3 மாத 'கால்ட்' வாடகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். 3 மாதத் தவணையாகவும் கட்டலாம். அப்புறம், பல வீடுகளில் சமையலறை வெறும் சுவர்தான். அடுப்பு, சிங்க் எல்லாம் நாமே வாங்க வேண்டும், அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.