தோட்டத்து மேளமும் மகளின் வயலினும்

கேள்வி: எனக்கு வயது 56. பால்மர (ரப்பர்) தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். ஒன்பது வருடமாக மகளைக் கர்நாடக வயலின் வகுப்புக்கு அனுப்புகிறேன். இப்போது அவள் கோயில் திருவிழாக்களில் உறுமி மேளம் அடிக்கும் பையன்களோடும், ராப் பாடும் ஒருவனோடும் சேர்ந்து வாசிக்கிறாள். எங்கள் பழைய பாடல் ரசிகர் கூட்டத்தில், "சங்கீதத்தைக் கொண்டுபோய்த் தோட்டத்து மேளத்தில் கலந்து கெடுக்கிறாள்" என்கிறார்கள். அவர்களோ நானோ இதுவரை போய்க் கேட்டதில்லை. கை கெட்டுவிடும் என்று ஆசிரியரும் பயப்படுகிறார். போன மாதம், என் அம்மா பாடிய தாலாட்டைச் சொல்லித் தரும்படி மகள் கேட்டாள். அதையும் மேளத்தோடு வாசிக்கப் போகிறாளாம். மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். மறக்கவில்லை, மூன்றாம் அடியில் ஒரு சொல்தான் சந்தேகம். அவளைத் தடுப்பதா, விடுவதா?
- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்:

அன்புள்ள ஐயா,

தடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் நண்பர்கள் சொன்னதில் ராகம் பிசகியது, தாளம் நழுவியது என்ற பேச்சே இல்லை. எப்படி இருக்கும்? யாரும் கேட்கவில்லையே. "தோட்டத்து மேளம்" என்ற இரண்டு சொல்லிலேயே தீர்ப்பு முடிந்துவிட்டது. அந்தத் தீர்ப்பு அடிக்கிறவர்கள் மேல் விழுகிறது, இசையின் மேல் இல்லை.

அவள் தோளில் வைத்திருக்கும் வயலின் எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்று, நம் இசைக்குள் கொண்டுவந்த கருவி அது. அண்ணன் முத்துசாமி தீட்சிதரும் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்களே, அதுதான். அதில் ஒன்று பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டு. உங்கள் மகளும் சின்ன வயதில் ஒன்றிரண்டு வாசித்திருப்பாள், நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். கோட்டைக்குள்ளிருந்து வந்த பேண்டு மெட்டு சங்கீதத்தில் சேரலாம் என்றால், லயத்து வாசலில் தீயில் காய்ச்சி அடித்த தப்பு மேளம் ஏன் சேரக்கூடாது? இதை உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம், ஆனால் கேளுங்கள்.

பழைய பாடல் ரசிகர் என்றால் உங்கள் கூட்டத்தில் இளையராஜா கட்டாயம் இருப்பார். 1986இல் அவர் 'ஹவ் டு நேம் இட்?' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் என்பவருக்கும் சேர்த்துக் காணிக்கையாக்கினார். அதில் வயலின் வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். மகளோடு உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள். 2006இல் நம் நாட்டு யோகி பியும் நட்சத்திராவும் இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை ராப்போடு பாடியபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. 1980இல் வந்த மூலப் பாட்டிலேயே மேற்கத்திய வாத்தியங்கள் நிறைந்திருப்பதை அவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. ஜொகூரில் மலாய்க்காரர்கள் பாடும் கசலையும் கேட்டிருப்பீர்கள்: ஹார்மோனியம், தபேலா, காம்புஸ் என்ற நரம்புக் கருவி, வயலின் எல்லாம் ஒரே பாயில். அதைத்தான் தங்கள் மரபு என்று அவர்கள் காப்பாற்றுகிறார்கள்.

கலந்ததெல்லாம் நன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. உறுமிக்கும் தப்புக்கும் பக்கத்தில் மைக் இல்லாத வயலின் காதில் விழவே விழாது. சும்மா ஒரு அலங்காரத்துக்கு அவளை ஓரத்தில் நிறுத்தியிருந்தால், அது குறைதான், சொல்லுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உறுமியில் வளைந்த குச்சியைத் தோல்மேல் தேய்த்துத்தானே அந்த முனகலை எழுப்புகிறார்கள்? வயலினும் வில்லால் தேய்க்கிற கருவிதான். உறுமி முனகுகிற இடத்தில் வயலின் ஒரு கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் நெளிவை, இழுத்துப் பதில் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைக்கும்போதே எனக்கு ஆசையாக இருக்கிறது. உங்கள் மகளின் காதுக்கும் அது எட்டியிருக்க வேண்டும்.

ஆசிரியரின் பயம் வேறு. அதை மதிக்க வேண்டும். சத்தத்துக்கு ஈடுகொடுக்க வில்லை அழுத்தி அழுத்தி வாசித்தால் நுணுக்கம் போய்விடும். தினமும் வர்ணம் என்ற பயிற்சி உருப்படியை விடாமல் சாதகம் செய்வேன் என்று அவள் ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லட்டும், சொன்னபடி செய்யட்டும். மேளத்தோடு வாசிக்கும்போது வயலினுக்கு மைக் கேட்டு வாங்கட்டும். மேளக்காரர்கள் பக்கமும் "பாட்டு கிளாஸ் பொண்ணு இங்கே எதுக்கு?" என்று முணுமுணுப்பவர்கள் இருக்கலாம். அவள் தாளத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் அது தானாக அடங்கும்.

இனி உங்களைப் பற்றி. கோபப்படாமல் படியுங்கள். பால்மரத்தோடும், விடிகாலையில் பெயர் கூப்பிடும் பெரட்டோடும் போன உங்கள் பெற்றோரின் வாழ்க்கை அவளைத் தொடக்கூடாது என்றுதானே வயலின் வாங்கிக் கொடுத்தீர்கள்? அது பாசம். ஆனால் அந்தப் பாசத்தோடு கொஞ்சம் வெட்கமும் சேர்ந்துகொண்டது என்று நினைக்கிறேன். தீமிதிக்கு அந்த மேளம் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். ஊரார் அதைத் தரக்குறைவு என்றபோது உங்களால் பதில் பேச முடியவில்லை. மகள் அதையே தேடிப் போகிறாள் என்றதும் பயந்துவிட்டீர்கள். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். இந்த வெட்கம் எனக்குத் தெரியும்.

அடுத்த ஒத்திகைக்குப் போங்கள். ஸ்பீக்கருக்கு எதிரே வேண்டாம், உறுமிக்காரர் பக்கத்தில் உட்காருங்கள். பாதியில் எழுந்து வராதீர்கள்.

அப்புறம் அந்தத் தாலாட்டு. மூன்றாம் அடியில் சந்தேகம் என்கிறீர்கள். லயத்தில் உங்களோடு வளர்ந்த அக்காவோ தங்கையோ, பக்கத்து வீட்டு அத்தையோ யாராவது இருப்பார்கள். போன் போட்டுக் கேளுங்கள். சொல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த இடத்தில் முணுமுணுத்துக்கொண்டே பாடுங்கள். மெட்டைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.