மகளின் குரலை எந்த ஆசிரியரிடம் ஒப்படைப்பது?

வாசகி ஒருவரின் கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். என் 17 வயது மகள் எட்டு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவள். பள்ளியில் மியூசிக்கல் நாடகங்களில் நடித்த பிறகு அதையே பட்டப்படிப்பாக எடுக்க விரும்புகிறாள். ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே குரல் பேராசிரியர் ஓபராவிலும் (மேற்கத்தியச் செவ்வியல் இசை நாடகம்) மியூசிக்கலிலும் 20 ஆண்டுகள் பாடியவர் என்று நீண்ட பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஓபராக்காரரிடம் கற்றால் மகளின் குரல் மியூசிக்கலுக்கு ஆகாமல் போய்விடுமா? அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது?

பதில்: போகாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பேராசிரியர் இரண்டு கலைகளையும் பாடியவராக இருந்தால் மட்டும் போதாது. இரண்டையும் வேறு வேறாகக் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ஓபராப் பாடகருக்கு மைக் கிடையாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் ஏறத்தாழ 3,800 இருக்கைகள். முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். கத்தினால் சேராது. ஆர்கெஸ்ட்ராவின் ஓசை 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வுகள்) பக்கம் உச்சத்தில் இருந்து, மேலே போகப் போகத் தளர்ந்துவிடும். பயிற்சி பெற்ற ஆண் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு தனிக் கணீர் உண்டாகிறது. ஆர்கெஸ்ட்ரா விட்டுவைத்த அந்த இடைவெளியில் குரல் புகுந்துவிடும். ஸ்வீடனைச் சேர்ந்த குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி 1970களில் இதை அளந்து காட்டினார். உச்சத்தில் பாடும் பெண்களுக்கு வழி வேறு. சுருதி ஏற ஏற வாயைத் திறந்துகொண்டே போவார்கள். அதனால்தான் அங்கே ‘ஈ’யும் ‘ஆ’வும் ஒன்றுபோலக் கேட்கின்றன.

மியூசிக்கலில் அந்த மங்கல் கூடாது. தலைமுடிக்குள் ஒளித்த மைக் ஓசையைப் பார்த்துக்கொள்ளும். சொல் தெளிவாக விழ வேண்டும். பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே பாட்டுக்குள் நுழைந்தது போலிருக்க வேண்டும். உச்சத்திலும் பேச்சுக் குரலின் கனத்தை விடாமல் பாடுவதைத்தான் பெல்டிங் என்கிறார்கள். அதோடு, நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். ஓபராவில் முக்கியப் பாத்திரம் பாடுபவர் ஒவ்வோர் இரவும் பாடுவதில்லை. 2002இல் ‘லா போயெம்’ ஓபராவை பிராட்வேயில் தொடர்ந்து நடத்தியபோது, காதலர் இருவரின் வேடத்துக்கு மூன்று இணைகளை மாற்றி மாற்றி இறக்கினார்கள். இரண்டு வேலைகளும் உடம்பிடம் கேட்கும் கூலி வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் மகளின் குரலுக்கு வருகிறேன். அவள் ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆதார சட்ஜம் (அடிப்படை ‘ஸ’) சுமார் 208 ஹெர்ட்ஸ், தாரஸ்தாயிப் பஞ்சமம் (மேல் ஸ்தாயியின் ‘ப’) சுமார் 622. இதற்குள் நம் பெண்கள் பெரும்பாலும் நெஞ்சுக் குரலின் கனத்தோடுதான் பாடுகிறார்கள். மியூசிக்கலில் பெண்கள் பெல்டிங் செய்யும் உயரமும் ஏறக்குறைய இதே வட்டாரம்தான். ஆகவே அவள் வெறுங்கையோடு போகவில்லை. அவளுக்குப் பழக்கமில்லாதது அதற்கு மேலுள்ள மாடி. சொப்ரானோவின் (பெண் குரல்களில் மிக உயர்ந்த வகை) உச்ச ஸ்வரம் ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டும். நம் பாட்டில் சுருதி பாடுபவரைத் தேடி இறங்கி வரும், தம்புராவைத் திருகிக்கொள்ளலாம். ஓபராவிலோ சுருதி தாளில் எழுதப்பட்டிருக்கிறது. குரல்தான் அதைத் தேடி ஏற வேண்டும். அந்த மாடியைத் திறந்துவிடுவது ஓபராப் பயிற்சி. திறந்த பிறகு கீழ்த்தளமும் இலேசாகும். பெல்டிங் மட்டுமே கற்ற மாணவிகள் இரண்டாம் ஆண்டில் குரல் கட்டிப்போய் என்னிடம் வந்து நிற்பதைப் பார்த்த குரல் ஆசிரியை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒரே ஆசிரியர் இரண்டுக்கும் ஆள் தயாரிக்க முடியுமா? ஒக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் குரல் கற்பித்த ஃப்ளாரன்ஸ் பேர்ட்வெல்லை எண்ணிப் பாருங்கள். அவரிடம் ஓபராப் பட்டத்துக்குப் படித்த கெல்லி ஓஹாரா 2015இல் மியூசிக்கலுக்காக, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது பெற்றார். மெட்ரோபாலிட்டன் மேடையிலும் பாடினார். பிராட்வே நட்சத்திரம் கிறிஸ்டின் செனொவெத்தும் பேர்ட்வெல்லின் மாணவிதான். ஆறு டோனி விருதுகள் வாங்கிய ஆட்ரா மெக்டொனால்டும் நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைக் கல்லூரியில் செவ்வியல் குரல் படித்தவர்.

பட்டியலுக்கு வருவோம். அமெரிக்கப் பல்கலைக்கழகக் குரல் ஆசிரியரின் வாழ்க்கை பெரும்பாலும் ஒட்டுத்துணி போன்றது. செப்டம்பரிலிருந்து மே வரை வகுப்பு, கோடையில் மேடை, நடுவே ஏதாவது வட்டார ஓபரா நிறுவனத்தில் இரண்டு வாரம். இதில் குறைவு ஒன்றுமில்லை. மாணவர்களில் பெரும்பாலோர் வாழப்போகும் வாழ்க்கையும் அதுதான். பாத்திரங்களின் பெயருக்குப் பக்கத்தில் எந்த நிறுவனம், எந்த ஆண்டு என்று பாருங்கள். மாணவராக இருந்தபோது பாடியவையும், மாற்றுப் பாடகராகக் காத்திருந்தவையும், தொழில்முறை மேடையில் பாடியவையும் சில பட்டியல்களில் ஒன்றாகக் கலந்திருக்கும். மியூசிக்கல் வரிகள் இருபது ஆண்டுக்கு முன்னோடு நின்றுவிட்டால், இன்றைய மியூசிக்கலின் ராக், பாப் பாணிகளை எப்படிக் கற்றுக்கொடுக்கிறார் என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால், அவர் எங்கே பாடினார் என்பதைவிட அவர் மாணவர்கள் இப்போது எங்கே பாடுகிறார்கள் என்பதே முக்கியம். கடந்த ஐந்தாண்டுகளில் பட்டம் பெற்றவர்களைப் பற்றி விசாரியுங்கள். முதலாண்டில் வாராந்திரத் தனிப் பாடத்தை அந்தப் பேராசிரியரே எடுப்பாரா, முனைவர் பட்ட மாணவர் எடுப்பாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். பெரிய துறைகளில் இரண்டும் நடக்கும். பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். பி.எம். (இசை இளங்கலை) என்றால் இத்தாலிய, ஜெர்மன், பிரெஞ்சு உச்சரிப்பு, இசைக் கோட்பாடு, தனிக் கச்சேரி. பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) என்றால் நாளின் பெரும்பகுதி நடிப்பிலும் நடனத்திலும் போகும். நடனத்தில் நாட்டமில்லாதவளுக்கு அது கடினம்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு மாதிரிப் பாடம் கேளுங்கள். பல ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள். மகள் ஒரு இத்தாலியப் பாட்டும் ஒரு மியூசிக்கல் பாட்டும் கொண்டுபோகட்டும். இரண்டுக்கும் அவர் ஒரே அறிவுரை சொன்னால் எனக்குத் தயக்கம் வரும். முதல் பாட்டுக்கு ‘வாய்க்குள் இடம் கொடு’ என்றவர், இரண்டாவதற்கு ‘அந்த வரியை முதலில் பேசிக் காட்டு’ என்றால் நிம்மதியாக உட்காருங்கள். என் மேசையில் எப்போதும் பாதித் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரும் ஓர் உறிஞ்சுகுழலும் இருக்கும். பெல்டிங் பாட்டு முடிந்ததும், குழலை இரண்டு விரற்கடை தண்ணீரில் அமிழ்த்தி, குமிழ் விட்டுக்கொண்டே மெல்ல ஸ்வரம் ஏறி இறங்கச் சொல்வேன். குமிழ் விட்டுவிட்டு வந்தால் மூச்சு தடுமாறுகிறது. சீராக வந்தால் அடுத்த பாட்டுக்குப் போகலாம். இதுபோல அவரும் நடுவில் குரலை ஆற்றுகிறாரா என்று பாருங்கள்.

பாடம் முடிந்த அன்று மகளிடம் எதுவும் கேட்காதீர்கள். உற்சாகத்தில் எல்லாம் பிரமாதம் என்பாள். மறுநாள் காலை அவள் முதல் வார்த்தை பேசும்போது காது கொடுங்கள். கரகரப்பு இருந்தால் அந்தப் பாடம் அவள் குரலுக்கு அதிகம்.