பெயருக்கு முன் விரல்: மரங்களும் பிள்ளைகளும் பற்றிய கேள்வி பதில்

ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும் பிள்ளைகளோடு மரத்தடிகளில் நின்றிருக்கிறேன். திருகோணமலைப் பெற்றோர் சிலர் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: ரீச்சர், மகளுக்கு ஐந்து வயது. மரங்களின் பெயர்களை இப்போதே சொல்லிக்கொடுக்கலாமா?

அவளாகக் கேட்கும்போது சொல்லுங்கள். பெயர் கிடைத்தவுடன் "தெரியும்" என்று அடுத்த மரத்துக்கு ஓடிவிடுவார்கள். வேலிப் பூவரசில் தொடங்குங்கள். காலையில் மஞ்சளாக விரிந்த பூ மாலையில் செம்மை ஏறி வாடுவதை ஒரே நாளில் பார்த்துவிடலாம். இலையைச் சுருட்டி, ஒரு முனையை மெல்ல நசுக்கி ஊதினால் பீப்பீ. முதல் இரண்டு மூன்று இலை கிழியும், கிழியட்டும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு எட்டு வயது, பார்வை மிகக் குறைவு. பாடசாலை வெளிக்களச் சுற்றுலாவில் அவனை மட்டும் பஸ்ஸில் இருத்திவிட்டார்கள். நான் அவனுக்கு எப்படி மரங்களைக் காட்டுவது?

வாசித்ததும் மனம் கொதித்தது. அந்தப் பிள்ளை முன்வரிசையில் நின்றிருக்க வேண்டியவன்.

காற்றடிக்கும் நாளில் கடற்கரைச் சவுக்கு மரங்களுக்கு அழைத்துப் போங்கள். கடலின் இரைச்சல் எது, சவுக்கின் இரைச்சல் எது என்று கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கீழே கிடக்கும் பச்சை இழை ஒன்றை அவன் கையில் கொடுங்கள். நாம் ஊசியிலை என்று நினைக்கும் அது உண்மையில் மெல்லிய கிளை. விரல்களுக்கிடையே உருட்டினால் கணுக்கள் தட்டுப்படும். இழுத்தால் கணுவில் கழன்று வரும். அந்தக் கணுவைச் சுற்றி நிற்கும் நுண்ணிய பற்கள்தாம் சவுக்கின் இலைகள். கண் நன்றாகத் தெரியும் பலர் ஆயுள் முழுவதும் இதைக் கவனிப்பதில்லை. அவன் நகம் கண்டுபிடித்துவிடும்.

விளாத்தி இலையைக் கசக்கி முகரக் கொடுங்கள், பெருஞ்சீரக வாசம் வரும். வேம்பின் வெடித்த பட்டையையும் கொய்யாவின் வழுவழுப்பான தண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடவட்டும். அடுத்த முறை அவனுடைய சகோதரர்களின் கண்களைத் துணியால் கட்டி, அவனையே வழிகாட்டச் சொல்லுங்கள். எந்த மரத்தைத் தொட்டார்கள் என்று அவன் கேட்கட்டும், அவர்கள் பதில் சொல்லட்டும்.

நகரிலிருந்து ஒரு தாய்: வாடகை வீடு, வளவே இல்லை. எங்கே போவது?

கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் ஆல் நிற்கிறது. தொங்கும் இளம் விழுதின் நுனியையும், நிலத்தில் ஊன்றித் தூணாகத் தடித்த விழுதையும் தொட்டு ஒப்பிடட்டும். அங்கே மான்கள் திரியும். துரத்த விடாதீர்கள்.

மூதூரிலிருந்து ஒரு முன்பள்ளி ஆசிரியை: ஸ்டெதஸ்கோப் வைத்தால் மரத்துக்குள் நீர் ஓடும் சத்தம் கேட்குமாமே?

கேட்காது. நீர் மெதுவாக, ஓசையின்றி ஏறுகிறது. கேட்பது கிளைகளின் அசைவும் உங்கள் கையின் உராய்வும். இல்லாததைக் கேட்டதாகப் பிள்ளைகளைச் சொல்லவைக்காதீர்கள். விழுந்து கிடக்கும் மரத்தின் ஒரு முனையில் ஒருவர் நகத்தால் சுரண்ட, மறுமுனையில் ஒருவர் காதை வைக்கட்டும். அது துல்லியமாகக் கேட்கும். பிள்ளைகள் இடம் மாறி மாறி விளையாடுவார்கள்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தாத்தா: பேரப்பிள்ளைகள் எதையும் வாயில் வைக்கிறார்கள். சுவைக்க விடலாமா?

நீங்கள் உண்டு பழகியதை மட்டும், உங்கள் கையால் கொடுங்கள் ஐயா. புளியங்கொழுந்து, பருவத்தில் பாலைப்பழம். பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டும், கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவுங்கள். மஞ்சள் அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு, விதை உயிரையே எடுக்கும். தவறி விழுங்கினால் கைமருந்து பார்த்து நேரம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கண்டல் காட்டோரத் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும். தில்லையை அடையாளம் தெரியாதவர் சிறுவர்களை அந்தப் பக்கம் கூட்டிப் போகக் கூடாது. எந்த மரமானாலும் தண்டில் மயிர்க்கொட்டி இருக்கிறதா என்று முதலில் நீங்கள் பாருங்கள்.

நிலாவெளியிலிருந்து ஒரு தாய்: மாரியில் என்ன செய்வது?

இடி மின்னல் இருந்தால் மரத்தடி வேண்டாம். மழை நன்றாக விட்டதும் போங்கள். நனைந்த பட்டை கருத்து, மணமும் மாறியிருக்கும். அரசிலையின் நீண்ட வால்நுனியில் நீர் சேர்ந்து சொட்டுவதை உள்ளங்கையில் ஏந்தட்டும். இன்னொன்று, புளி பக்கத்தில் நின்றால் பகலில் ஒரு கிளையைத் தொடச் செய்யுங்கள். இருட்டியபின் டோர்ச்சோடு அதே கிளைக்கு அழைத்துப் போங்கள். இலைகள் இரண்டிரண்டாகக் கூம்பியிருக்கும்.