லாரிக்காரர் பதில்கள்

கேள்வி: பொங்கல் லீவுக்குக் காரில் கண்டிகோட்டா போய், கோட்டையும் அதை ஒட்டிய ஆற்றுப் பள்ளத்தாக்கும் பார்க்கலாம் என்றிருக்கிறோம். மாமியாருக்கு மூட்டுவலி. பையன்கள் இரண்டும் சரியான வால். விடியற்காலை கிளம்பினால் ஒண்டிமிட்டா, கண்டிகோட்டா, பெலும் குகை மூன்றையும் பார்த்துவிட்டு ராத்திரியே வீடு திரும்ப முடியுமா?
— ஒரு வாசகி, நகரி

பதில்: திரும்பலாம் அம்மா, எதையும் பார்க்காமல். புத்தூர், ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை, கடப்பா, ஜம்மலமடுகு என்று போக மட்டுமே 250 கிலோமீட்டருக்குக் குறையாது. கல் லோடு ஏற்றி நான் ஓட்டித் தேய்த்த ரோடு அது.

ஒண்டிமிட்டா கோயில் போகிற வழியிலேயே இருக்கிறது. ராமர், சீதை, லட்சுமணர் மூவரும் ஒரே கல்லில் நிற்பார்கள். அங்கே அனுமாரைத் தேடாதீர்கள், கருவறையில் அவர் கிடையாது. கும்பிட்டுவிட்டு நேரே கண்டிகோட்டா.

மாலை நாலு மணிக்குள் போய்ச் சேருங்கள். உச்சி வெயிலில் பாறை வெளிறி, கல்குவாரி மாதிரி தெரியும். வெயில் சாய்ந்தால்தான் அந்தச் சிவப்பு ஏறும். ராத்திரி தங்கி விடியலிலும் ஒருமுறை அதே இடத்துக்குப் போங்கள். வேறு இடமோ என்று நினைப்பீர்கள். ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி அங்கேயே இருக்கிறது. சங்கராந்திக் கூட்டத்தில் ரூம் கிடைக்காவிட்டால் 15 கிலோமீட்டரில் ஜம்மலமடுகு.

மசூதி, பழைய தானியக் கிடங்கு வரைக்கும் மாமியார் மெல்ல நடந்துவிடுவார். அதற்கப்புறம் பாறைக்குப் பாறை கால் வைத்து ஏற வேண்டும், அவருக்கு வேண்டாம். மாதவராயர் கோயில் மண்டபத்தில் காற்றாட உட்காரட்டும். விளிம்பில் நம்பிப் பிடிக்கக் கம்பி கிடையாது, கீழே சுமார் 300 அடியில் பென்னா ஆறு. கோட்டை கட்டியவர்களுக்கு அந்தப் பக்கம் அகழி வெட்டும் வேலை மிச்சம்! பையன்கள் ஆளுக்கொருவர் கையில் இருக்கட்டும். செல்ஃபி எடுப்பவர் முதலில் உட்காரட்டும்.

பெலும் குகை அங்கிருந்து இன்னும் 60 கிலோமீட்டர். மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். படியிறங்கிப் போக வேண்டும், உள்ளே புழுக்கம் வேறு. அங்கேயும் மாமியார் மேலேதான்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் போட்டிருக்கும் கடப்பா கல், கண்டிகோட்டா மலையில் வெட்டியதா?
— ஒரு வாசகர், பள்ளிப்பட்டு

பதில்: இல்லை. அந்த மலை குவார்ட்சைட், தண்ணீரில் கரையாத முரட்டுக் கல். ஆறு அதை அறுத்துத்தான் இறங்கியிருக்கிறது. உங்கள் மேடை சுண்ணாம்புக்கல், பெலும் குகை இருக்கிற இனம். லேசான புளிப்பேறிய மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, கல்லைக் கரைத்துக் கரைத்து உண்டானதுதான் அந்தக் குகை. எலுமிச்சைச் சாறு சிந்திய இடத்தில் உங்கள் மேடை வெளுத்துப்போவதும் இதனால்தான். சிந்தினால் உடனே துடைத்துவிடச் சொல்லுங்கள்.