வீட்டுத் தோட்டமும் உடல்நலமும்: கேள்வி பதில்

கே: தினமும் அரை மணி நேரம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் சார். இதையே நடைப்பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா?

தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான் என்றால் சேராது. உடலுழைப்பை ‘மெட்’ என்ற அளவில் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் 1 மெட். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தண்ணீர் விட்டால் சுமார் 1.5. களை பறிப்பது, நாற்று நடுவது, மண்ணைக் கிளறுவது எல்லாம் ஏறத்தாழ 3.5 முதல் 4.5 வரை போகும். மண்வெட்டி பிடித்துக் கொத்தினால் 5-ஐத் தொடும். 3-க்கும் 6-க்கும் இடைப்பட்டதைத்தான் மிதமான உழைப்பு என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் கேட்பதும் இந்த அளவு உழைப்பைத்தான்.

கருவியெல்லாம் வேண்டாம். வேலை செய்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்புதான். பாட்டு சரளமாக வந்தால் அது பொழுதுபோக்கு. குழாய்க்குப் பதிலாக இரு கைகளிலும் கைக்கு ஒன்றாக 5 லிட்டர் பூவாளி தூக்கி நடந்து ஊற்றிப் பாருங்கள், அதே தண்ணீர் வேலை வேறு மாதிரி இருக்கும்.

கே: பால்கனியில் மொத்தமே பத்துத் தொட்டி. 150 நிமிட வேலைக்கு எங்கே போவது?

போக வேண்டாம். பத்துத் தொட்டிக்கு அவ்வளவு வேலை கிடையாது. இல்லாத வேலையை உண்டாக்கித் தினமும் மண்ணைக் கிளறினால் வேர்தான் அறும். மீதி நேரத்துக்கு நடங்கள்.

பலனையும் அளவோடு எதிர்பாருங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 291 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பொதுத் தோட்டத்தில் இடம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2023-இல் வெளியானது. தோட்டக் குழுவினர் மற்றவர்களைவிட நாளுக்குச் சுமார் 1.4 கிராம் நார்ச்சத்து கூடுதலாகச் சாப்பிட்டார்கள், ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதல் உழைப்பு செய்தார்கள். கேட்கச் சிறியதுதான். ஆனால் இது விளம்பர வாக்கியமல்ல, அளந்து பார்த்த வித்தியாசம்.

கே: செடிகளோடு இருந்தால் மன அழுத்தம் குறையும் என்கிறார்கள். நிஜமா, நம்பிக்கையா?

நிஜம்தான், அதற்கும் எல்லை உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், தோட்ட வேலை தெரிந்த 30 பேருக்கு முதலில் மூளையைக் குழப்பும் ஒரு சோதனையைக் கொடுத்து அழுத்தம் ஏற்றினார்கள். பிறகு பாதிப் பேர் அரை மணி நேரம் தோட்டத்தில் வேலை செய்தார்கள், மீதிப் பேர் உள்ளே உட்கார்ந்து படித்தார்கள். அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரு குழுவிலும் உமிழ்நீரில் குறைந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது, மனநிலையும் பழைய நிலைக்கே திரும்பியது.

‘மண்ணில் இருக்கும் பாக்டீரியா மூக்கில் ஏறி மகிழ்ச்சி தரும்’ என்று சுற்றும் தகவலை மட்டும் விட்டுவிடுங்கள். மைக்கோபாக்டீரியம் வாக்கே என்ற அந்த நுண்ணுயிரை வைத்து எலிகளில் செய்த சோதனையை இழுத்து நீட்டிய கதை அது. மண்ணை முகர்ந்து பார்க்க யாரும் பரிந்துரைக்கவில்லை.

நாள்பட்ட மனச்சோர்வு இருந்தால் தோட்டம் துணை மட்டுமே. மாத்திரையை நிறுத்திவிட்டுத் தொட்டி வாங்காதீர்கள்.

கே: படுக்கை அறையில் நாலு செடி வைத்தால் காற்று சுத்தமாகுமா?

ஆகாது. 1989-இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து பிறந்த நம்பிக்கை இது. வீடு மூடிய பெட்டி அல்ல. 2019-இல் அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் தொகுத்துக் கணக்கிட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது 10 செடி, மோசமான நிலையில் 1000 செடி வேண்டும் என்றார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். செடியைக் கண்ணுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: தோட்ட வேலை செய்த மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. வயது 48. எங்கே தப்பு?

பெரும்பாலும் தப்பு மூன்று இடத்தில் இருக்கும்.

முதலாவது, ஒரே நிலையில் நெடுநேரம். முழங்காலை நேராக வைத்து இடுப்பிலிருந்து குனிந்து ஒரு மணி நேரம் களை பறித்தால், மேல் உடம்பின் எடை முழுவதையும் கீழ்முதுகுத் தசையும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டும் தாங்குகின்றன. அப்போது வலிக்காது, மறுநாள் காலையில்தான் தெரியும். 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள். குனிந்து களை, பிறகு நின்று கவாத்து (கிளை வெட்டுவது), பிறகு உட்கார்ந்து நாற்று பிரிப்பது. ஓய்வு எடுப்பதைவிட இது எளிது, ஏனென்றால் யாரும் சொன்னபடி ஓய்வு எடுப்பதில்லை.

இரண்டாவது, எடை. 20 லிட்டர் தொட்டியில் தோட்ட மண் நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்காதீர்கள். கனமான சாக்கை அடியில் விரித்து இழுங்கள், அல்லது சக்கரம் வைத்த தட்டில் முதலிலேயே வைத்துவிடுங்கள். கலவையில் பாதி தென்னை நார்க் கழிவு சேர்த்தால் எடை நன்றாகக் குறையும். இடம் மாற்றுவதாக இருந்தால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் மாற்றுங்கள். தூக்கியே ஆகவேண்டிய பொருள் என்றால் உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பக்கூடாது, பாதத்தை நகர்த்தித் திரும்ப வேண்டும். மண்ணை அள்ளி வீசும்போதும் இதே விதி. பிடிப்பு விழுவது பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான்.

மூன்றாவது, கருவியின் நீளம். களைக்கொத்தின் காம்பு குட்டையாக இருந்தால் முதுகுதான் மீதி நீளத்தை ஈடுகட்டும். நிமிர்ந்து நின்றபடி பயன்படுத்தும் கருவியை நிறுத்திப் பார்த்தால் காம்பின் நுனி தோள்பட்டைக்கு அருகில் வர வேண்டும்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ இந்தக் குறிப்புகள் உதவாது. மருத்துவரிடம் போங்கள்.

கே: அம்மாவுக்கு 72 வயது, மூட்டு தேய்மானம். செடி வளர்க்க ஆசைப்படுகிறார்கள். குனிய முடியாது.

மண்ணை மேலே கொண்டுவாருங்கள். நின்று வேலை செய்ய முடியுமானால் பாத்தியின் மேல்விளிம்பு 85 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். உட்கார்ந்துதான் என்றால் 65 முதல் 70, அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டு. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டினால் அகலம் 60 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் எட்டி எட்டிச் சாய்வார்கள், அங்கேதான் விழுவார்கள். தரையில் குழாய் கிடக்கக்கூடாது, பாசி படியக்கூடாது.

ஆஸ்திரேலியாவின் டப்போ நகரில் 60 வயதைத் தாண்டியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தினமும் தோட்ட வேலை செய்தவர்களிடம் மறதி நோய் 36 சதவீதம் குறைவாக இருந்ததாக 2006-இல் எழுதினார்கள். தோட்டம்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. தெம்பாக இருப்பவர்கள்தானே தோட்டத்துக்குப் போகிறார்கள்! ஆனாலும் அம்மாவின் ஆசைக்குத் தடை போட இதில் ஒன்றுமில்லை.

கே: அப்பா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். வீட்டில் கீரை நிறைய வருகிறது, கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அளவு மாறக்கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அறுவடை வந்த வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்றால் இரத்தப் பரிசோதனை அளவு மேலும் கீழும் ஆடும். வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று முடிவு செய்து அதையே தொடருங்கள். மாற்றும்போது மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பிரச்சினை வேறு, அது கீரையிலுள்ள பொட்டாசியம். அவர்கள் தோட்டத்துக் கீரை என்பதற்காக விதிவிலக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது.

கே: வீட்டில் பறித்த காய்கறியில் உண்மையிலேயே சத்து அதிகமா?

செடியில் இருக்கும்போது பெரிய வித்தியாசம் இல்லை. பறித்த பிறகுதான் வித்தியாசம். பசலைக்கீரையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரத்தில் வைட்டமின் சி-யில் முக்கால் பங்குவரை போய்விடலாம். இரும்பு, சுண்ணாம்புச் சத்து அப்படியே இருக்கும். எனவே இடம் குறைவாக இருந்தால் கீரைக்கு முன்னுரிமை கொடுங்கள். உருளைக்கிழங்கை வீட்டில் விளைவித்துச் சத்தில் பெரிதாக ஒன்றும் சம்பாதிக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல் 10 நாளுக்கு ஒரு தொட்டியாக விதையுங்கள், சமைக்கும் நேரத்துக்குப் பறிக்கக் கிடைக்கும்.

பச்சையாகச் சாப்பிடுவதாக இருந்தால் மட்காத சாணம் போடாதீர்கள். போட்டுவிட்டால், மண்ணைத் தொடும் காய், கீரை, கிழங்குக்கு 120 நாளும், மண்ணில் படாதவற்றுக்கு 90 நாளும் கழித்துத்தான் அறுவடை.

கே: வீடு மிகப் பழையது. சுவரோரம் செடி வைத்துள்ளேன். பெயின்ட்டில் ஈயம் இருக்குமாமே?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரோரம்தான் ஈயம் அதிகம் தேங்கும், சுவரை விட்டு விலகினால் குறையும். செடி உறிஞ்சுவதைவிட, கையிலும் இலையிலும் ஒட்டிய மண் வாய்க்குள் போவதுதான் பெரிய வழி. அதனால் சுவரோரத்தில் பூச்செடி வையுங்கள். தக்காளி, கத்தரி போன்ற காய்களுக்கு ஈயம் அவ்வளவாக ஏறாது. கீரையும் கிழங்கும் வேண்டுமென்றால் அடியில் துணி விரித்து 30 செ.மீ. உயரத்துக்கு வெளி மண் நிரப்பிய பாத்தியில் போடுங்கள். மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5-க்கு மேல் இருந்து மட்கும் நிறைய இருந்தால் ஈயம் வேருக்கு எளிதில் கிடைக்காது. சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால் ஊகிக்க வேண்டாம், மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

கே: எனக்கு ஆஸ்துமா. உரம் கலக்கும்போது இருமல் வருகிறது.

காய்ந்த கலவையைக் கொட்டுவதால் வருவது. பையை முகத்துக்கு அருகில் கிழிக்காதீர்கள். ஓரத்தில் கத்தரித்து உள்ளே தண்ணீர் விட்டு ஈரமாக்கிய பிறகு கொட்டுங்கள். திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, என்-95 முகக்கவசத்தோடு. தொட்டிக் கலவையில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா இருக்கக்கூடும், அது நுரையீரல் அழற்சி தரும். மட்கு உரத்தில் பூஞ்சை வித்துகள் ஏராளம். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் மட்குக் குழியைக் கிளறும் வேலையை வேறொருவரிடம் விடட்டும்.

கே: கர்ப்பமாக இருக்கிறேன். தோட்டத்துக்குப் பூனைகள் வருகின்றன.

பூனைக் கழிவில் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி இருக்கலாம். கையுறை போடுங்கள், முடித்ததும் சோப்பால் கை கழுவுங்கள், காய்களை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். பூனை தோண்டும் இடத்தில் கம்பிவலையைப் படுக்கையாக விரித்தால் அது வேறு இடம் தேடும். செடிகளை விட வேண்டியதில்லை.

கே: சர்க்கரை நோய் உள்ளவர் வெறுங்காலில் மண்ணில் நடந்தால் நல்லது என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கு முள் குத்தியது தெரியாது. மூடிய காலணி போடுங்கள், வேலை முடிந்ததும் விரலிடுக்குவரை பாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் கொத்தும் வேலைக்கு முன் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு, கையருகே இனிப்பு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி 10 ஆண்டுக்கு ஒருமுறை என்பது தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும்தான். மண் பட்ட ஆழமான காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு ஆகியிருந்தாலே மறுபடி தேவைப்படலாம்.

கே: தொட்டித் தட்டில் தண்ணீரை அடிக்கடி கொட்டிவிடுகிறேன். ஆனாலும் கொசு குறையவில்லை.

கொட்டினால் புழு போகும், முட்டை போகாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் உள்சுவரில் ஒட்டிவிடும். உற்றுப் பார்த்தால் கரித்தூள் தூவியதுபோல் தெரியும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். அங்கிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே வாரம் ஒருமுறை தட்டை நார் வைத்து அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள், அல்லது தட்டில் விளிம்புவரை மணல் நிரப்பிவிடுங்கள். பூவாளியின் உட்புறத்தையும், இலைக்கணுவில் தண்ணீர் தேங்கும் அலங்காரச் செடிகளையும் மறக்காதீர்கள்.