வாசற்படி தாண்டாத பூனைக்குத் தெள்ளு எப்படி வந்தது?

கேள்வி: கல்லடியில் கடற்கரைப் பக்கம் எங்கள் வீடு. யன்னலுக்கெல்லாம் வலை அடித்திருக்கிறோம். இரண்டு வயதுப் பூனை முற்றத்துக்குக்கூடப் போனதில்லை. டிசம்பர் விடுமுறைக்குப் பூனையையும் கொண்டு வாழைச்சேனையில் அம்மா வீட்டில் இரண்டு கிழமை நின்றோம். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் காலெல்லாம் தெள்ளு ஏறிவிட்டது. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் எப்படி வந்தது? தம்பி தன் நாய்க்கு விடுகிற சொட்டு மருந்தில் பாதியைப் பூனைக்கு விடலாமா?
– ஆசிரியை ஒருவர், மட்டக்களப்பு

பதில்: ரீச்சர், கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். விட வேண்டாம். பாதியும் வேண்டாம், ஒரு சொட்டும் வேண்டாம். நாய்களுக்கு விற்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் பேர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் ஈரல் அதைச் சமாளித்து வெளியேற்றும்; பூனையின் ஈரலுக்கு அந்த வலு இல்லை. போன மாரியில் என்னிடம் ஒரு பூனையைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். காலையில் நாய் மருந்து விட்டிருக்கிறார்கள். மத்தியானம் காது துடிக்கத் தொடங்கி, பின்னேரம் உடம்பு முழுக்க உதறல். மூன்று நாள் பாடுபட்டுப் பிழைத்தது. எல்லாப் பூனையும் பிழைப்பதில்லை. தவறி விட்டுவிட்டால் இளஞ்சூட்டு நீரில், பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவி உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள். வலிப்பு தொடங்கிவிட்டால் கழுவிக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

இனி வீட்டுக் கதை. தெள்ளு அந்த இரண்டு கிழமையில் வரவில்லை. நீங்கள் போகும் முன்பே வீட்டில் இருந்தது. பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். அவை மயிரில் ஒட்டாமல், பூனை படுத்த இடமெல்லாம் உப்புத்தூள் போல உதிரும். பொரிக்கும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து கால்மிதியின் அடி, செற்றியின் மடிப்பு, சீமெந்து வெடிப்பு என்று ஒதுங்கி, கடைசியில் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் பூச்சிமருந்து போகாது. மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். காலடி அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று பட்டதும் பாய்ந்து வெளியே வரும். இரண்டு கிழமை ஆளரவமில்லாமல் கிடந்த வீட்டில் உங்கள் காலடிதான் அவற்றுக்குச் சேவல் கூவியது.

முதல் தெள்ளு எப்படி நுழைந்தது என்றால், யாருடைய காற்சட்டையிலும் வந்திருக்கலாம், எலியோடும் வந்திருக்கலாம். மழைக்கு உங்கள் விறாந்தையில் எந்தக் கட்டாக்காலி நாய் படுக்கிறது என்றும் ஒருதரம் பாருங்கள். வலை அதன் தெள்ளைத் தடுக்காது.

பூனையில் இருக்கிறதா என்று அறிய, பேன் சீப்பால் வாலடியில் வாரி, உதிரும் கறுப்புத் தூளை நனைத்த வெள்ளைப் பஞ்சில் வையுங்கள். மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் செம்பழுப்பாய்ப் பரவும். அது பூனையின் இரத்தம்.

பூனைக்கென்றே வரும் பிப்ரோனில் அல்லது செலமெக்டின் சொட்டு மருந்து போதும். நிறை பார்த்துத்தான் அளவு. பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு உங்கள் நிறையைக் கழித்துப் பாருங்கள். நக்க எட்டாத பிடரியில், மயிரை விலக்கித் தோலில் படும்படி விட வேண்டும். மாதம் ஒருமுறை.

வீட்டில் தினமும் மூலை முடுக்கெல்லாம் கூட்டுங்கள். பூனை படுக்கும் துணியைச் சுடுதண்ணீரில் தோய்த்து நல்ல வெயிலில் போடுங்கள். வேப்பெண்ணெய் பூசச் சொல்லி யாராவது கட்டாயம் சொல்வார்கள். பூசியதை எல்லாம் பூனை நக்கி விழுங்கும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. கற்பூர உருண்டையும் ஆகாது.

மருந்து விட்ட பிறகும் சில கிழமை தெள்ளு தெரியும். கூட்டிலிருந்தவை ஒவ்வொன்றாய் வெளிவருகின்றன. இந்த இடத்தில்தான் பலர் மருந்து பொய் என்று நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். வாவியும் கடலும் சூழ்ந்த நம் ஊரின் சூடும் ஈரமும் தெள்ளுக்கு ஆண்டு முழுதும் தோது. அதனால் அதன் பிறகும் மாதாமாதம் தொடர்வதையே நான் சொல்வேன்.

வாலடியில் காய்ந்த அரிசி போல ஏதும் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. பூனை நக்கும்போது விழுங்கிய தெள்ளிலிருந்து வருவது. அதற்குப் புழு மாத்திரை வேறாகக் கொடுக்க வேண்டும்.

வாழைச்சேனையில் அம்மா வீட்டில் பூனைகள் இருந்தால் அவற்றையும் இதே சீப்பால் ஒருமுறை வாரிப் பாருங்கள். உங்கள் பூனை அங்கே இரண்டு கிழமை சும்மா படுத்திருக்காது. குட்டிகள் இருந்தால் முதலில் அவற்றைப் பாருங்கள். தெள்ளு கூடினால் இரத்தம் வற்றிப் பல் முரசு வெளிறிவிடும். எட்டுக் கிழமைக்குக் குறைந்த குட்டிக்கு வைத்தியரிடம் கேட்காமல் எந்த மருந்தும் விட வேண்டாம்.