நியூசிலாந்தில் டிரௌட் பிடிக்க ‘ஆற்று அனுமதி’க்குக் காசு கட்டாதீர்கள்

குழித்துறை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “மகன் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் வேலையில் இருக்கிறான். டிசம்பரில் ஒரு மாதம் போகிறேன். ஃப்ளை ஃபிஷிங் (‘ஃப்ளை’ என்ற போலிப் பூச்சியை வீசி மீன் பிடிப்பது) ஓரளவு பழகியிருக்கிறேன், அந்த ஊர் ஆறு எதையும் பார்த்ததில்லை. நாகர்கோவிலில் ஒரு பயண முகவர் ‘தனி ஆறு, ஐந்து நாள், உரிமம், ஆற்று அனுமதி உள்பட’ என்று பெரிய தொகை சொல்கிறார். கட்டலாமா? மகனின் உரிமத்திலேயே நானும் வீசலாமா?”

கட்ட வேண்டாம். அங்கே டிரௌட், சால்மன் மீன்களைப் பிடிக்கும் உரிமையைக் காசுக்கு விற்கவே கூடாது. 1987ஆம் ஆண்டு இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. பண்ணைக்காரர் தன் நிலத்தில் உங்களை நடக்க விடாமல் இருக்கலாம். ஆனால் மீன் பிடிக்க விடுவதற்கென்று அவர் பணம் வாங்க முடியாது, இடையில் நிற்பவரும் வாங்க முடியாது. வழிகாட்டி கூலி வாங்குவது வேறு: அது அவருடைய நேரத்துக்கும் வண்டிக்கும் படகுக்கும். முகவரிடம் கணக்கைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வழிகாட்டிக் கூலி, தங்கும் செலவு, உரிமம் மூன்றும் தனித்தனி வரியில் வரட்டும். நாலாவதாக ‘ஆற்று அனுமதி’ என்று ஒரு வரி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உரிமத்தை, அங்கே நன்னீர் மீன்பிடிப்பைக் கவனிக்கும் ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பின் இணையதளத்தில் நீங்களே வாங்கலாம். வெளிநாட்டவருக்குத் தனி விலை, உள்ளூர்வாசிக்குக் குறைந்த விலை. இங்கேதான் பொறி. உள்ளூர் உரிமத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளிநாட்டு விலையை உங்களிடம் வாங்கினால், கரையில் ரேஞ்சர் கேட்கும்போது மாட்டுவது நீங்கள், முகவர் அல்ல. தூண்டிலைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் ரேஞ்சருக்கு உண்டு. மகனின் உரிமம் மகனுக்கு மட்டும். அவர் குடும்ப உரிமம் வைத்திருந்தாலும் வெளிநாட்டிலிருந்து வரும் அப்பா அதில் சேரமாட்டார்.

கடலில் பொழுதுபோக்காகத் தூண்டில் போட அங்கே உரிமம் தேவையில்லை. மகன் அப்படிப் பழகியிருந்தால் ஆற்றுக்கும் உரிமம் வேண்டாம் என்று சொல்லக்கூடும். நம்பாதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடக்குத் தீவைச் சுற்றிப் பார்க்கப் போய், டௌப்போ ஏரியிலோ அதில் வந்து சேரும் டொங்காரிரோ ஆற்றிலோ வீச நினைத்தால், நீங்கள் வாங்கிய உரிமம் செல்லாது. நாடு முழுவதும் செல்லும் என்று படித்திருப்பீர்கள். டௌப்போ மட்டும் சேராது. அதற்கு இயற்கைப் பாதுகாப்புத் துறை தனி உரிமம் தருகிறது. அந்த உரிமத்தைக் கொண்டு தெற்குத் தீவில் வீசவும் முடியாது. இது போதாதென்று, தெற்கிலும் வடக்கிலும் பெயர்பெற்ற சில ஆற்றுப் பகுதிகளுக்கு வெளிநாட்டவர் மேல்உரிமம் ஒன்றும் எடுக்க வேண்டும். ஒரே நாடு, ஒரே மீன், இத்தனை சீட்டு! வருகிறவனைக் குழப்பி முகவர் கையில் தள்ளுவது இந்த ஏற்பாடுதான். போகும் ஆற்றின் பெயரை அந்த வட்டார விதிப் புத்தகத்தில் தேடிப் பாருங்கள். சீசன், எத்தனை மீன், என்ன தூண்டில் எல்லாம் ஆற்றுக்கு ஆறு மாறும்.

அடுத்தது விமான நிலையம். 2004இல் டிடிமோ என்ற பாசி தெற்குத் தீவு ஆறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஆறு விட்டு ஆறு போகும். அதனால் ஃபெல்ட் (கம்பளம் போன்ற, நீர் உறிஞ்சும் துணி) அடிப்பாகம் வைத்த பூட்ஸ் அங்கே தடை; ரப்பர் அடிப்பாகம்தான் வேண்டும். பேச்சிப்பாறையிலோ தாமிரபரணியிலோ பயன்படுத்திய பூட்ஸ், வேடர் (நீர்புகாத கால்சட்டை), வலை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி நன்றாக உலர்த்தி, வருகைப் படிவத்தில் ‘ஆம்’ என்று அறிவியுங்கள். அறிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ஃப்ளைகளில் இறகும் ரோமமும் இருப்பதால் அவற்றையும் காட்டுங்கள். தோட்டத்தில் பொறுக்கிய மயில்பீலியை ஃப்ளை கட்டுவதற்கென்று கொண்டுபோகாதீர்கள். மயில்பீலி ஏற்றுமதிக்கு இந்தியாவே தடை போட்டிருக்கிறது. அங்கே போனபின் ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும்முன் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். தண்ணீர் உறிஞ்சும் பொருளுக்கு அது மட்டும் போதாது.

இனி ஆறு. நம்மூரில் கயத்தை, அதாவது ஆற்றின் ஆழமான இடத்தைப் பார்த்து எறிந்தே பழக்கம். பிரவுன் டிரௌட் பல நேரம் முழங்கால் ஆழத்தில், கரையை ஒட்டி ஓர் அடிக்குள் நிற்கும். வந்ததும் தண்ணீரில் இறங்கினால் அதைத்தான் முதலில் விரட்டுவீர்கள். முதல் ஒரு மணி நேரம் வீசாமல், நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டு, கீழ்நீரிலிருந்து மேல்நீர் நோக்கி மெதுவாக நடங்கள். மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதால் பின்னாலிருந்து வருபவரை அவ்வளவு எளிதில் காணாது. வேக நீரும் மெது நீரும் உரசும் கோடு, கல்லுக்கு முன்பக்கம், கயத்தின் வால்பகுதி இவற்றைப் பாருங்கள்.

நிழலைக் கவனியுங்கள். அங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். கிழக்கு மேற்காக ஓடும் ஆற்றில் வடகரையில் நின்றால் உங்கள் நிழல் தண்ணீர்மேல் விழும். தென்கரைக்கு மாறுங்கள், கண் கூசினாலும் மீன் நிற்கும்.

9 அடி, 5 அல்லது 6 எண் ராடு (தூண்டில் கோல்), 12 அடி லீடர் (நூல் நுனியில் கட்டும் மெல்லிய இழை), 14 அல்லது 16 அளவில் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் (நீருக்குள் மூழ்கும் ஒரு வகை ஃப்ளை) போதும். மீனுக்கு ஒரு மீட்டருக்கு மேல் முன்னால், மேல்நீரில் போடுங்கள். நூலை நீரோட்டம் இழுத்தால் ஃப்ளை சறுக்கும், சறுக்கும் பூச்சியை மீன் தொடாது. அதனால் விழுந்ததும் நூலின் வயிற்றை, அதாவது தண்ணீரில் வளையும் நடுப்பகுதியை, மேல்நீர்ப் பக்கம் தூக்கிப் போடுங்கள். இரண்டு முறை எடுக்கவில்லை என்றால் ஃப்ளையைச் சிறிதாக்குங்கள், அதே இடத்தில் பத்து முறை அடிக்காதீர்கள்.

மழைக்குப்பின் தண்ணீர் கலங்கி அடி தெரியாவிட்டால் கடக்கவே வேண்டாம். தெளிவாக இருந்தாலும் முதுகுப்பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டே இறங்குங்கள்; விழுந்தால் பையை உதற முடிய வேண்டும்.